சராசரிக்குள் ஒளிந்திருக்கும் புகை

(விஜயபுரத்தில் நடைபெற்ற நம் சங்கத்தின் அங்கத்தினர் கூட்டத்தில், ஓய்வுபெற்ற புள்ளியியல் ஆசிரியரான அங்கத்தினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



காரியதரிசி என்னிடம், "மாமா, நீங்கள் 34 வருஷம் புள்ளியியல் சொல்லிக் கொடுத்தவர். எல்லோருக்கும் பிரயோஜனப்படுகிற மாதிரி ஏதாவது பேசுங்கள்" என்று கேட்டுக்கொண்டார். நாம் எல்லோரும் ஒரு நாளில் இருபதாயிரம் தடவைக்கு மேல் செய்கிற ஒரு காரியத்தைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். மூச்சு விடுவதைத்தான் சொல்கிறேன்.

காற்றில் மிதக்கும் நுண்துகள்களைப் பி.எம். 2.5 என்கிறார்கள். 2.5 மைக்ரோமீட்டரும் அதற்குக் குறைவும் குறுக்களவுள்ள துகள்கள் இவை. நம் தலைமுடியின் பருமனில் சுமார் முப்பதில் ஒரு பங்குதான். மூக்கிலும் தொண்டையிலும் நிற்காமல் நுரையீரலின் அடி வரைக்கும் போகும். அவற்றில் மிகச் சிறியவை ரத்தத்திலும் கலந்துவிடும். ஒரு கன மீட்டர் காற்றில் இவை எத்தனை மைக்ரோகிராம் என்று அளக்கிறார்கள். ஒரு கிராமைப் பத்து லட்சம் பங்கு போட்டால் அதில் ஒரு பங்கு ஒரு மைக்ரோகிராம்.

உலக சுகாதார ஸ்தாபனம் 2021இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி வருஷ சராசரி 5க்கு மேல் போகக்கூடாது. 2005இல் அதே ஸ்தாபனம் 10 என்று சொல்லியிருந்தது. நம் தேசத்தில் 2009 முதல் உள்ள வரையறை 40. உலக ஜனத்தொகையில் 99 சதவீதம் பேர் அந்த ஸ்தாபனத்தின் வரையறைக்கு மேற்பட்ட காற்றைத்தான் சுவாசிக்கிறார்கள். சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ஐக்யூஏர் நிறுவனம் 2024ஆம் வருஷத்துக்கு 138 தேசங்கள், பிரதேசங்களின் கணக்கைப் போட்டதில், 5க்குள் இருந்த தேசங்கள் ஏழே ஏழு. நம் தேசத்தின் சராசரி 50.6; அழுக்கான பக்கத்திலிருந்து எண்ணினால் ஐந்தாவது இடம்.

40 என்பது எவ்வளவு என்று ஒரு சின்னக் கணக்கு. ஒரு மனிதர் ஒரு நாளில் சுமார் 12 கன மீட்டர் காற்றை இழுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 12ஐ 40ஆல் பெருக்கினால் 480 மைக்ரோகிராம், அதாவது அரை மில்லிகிராம். வருஷத்துக்கு 175 மில்லிகிராம். எட்டு அரிசிமணியின் எடைதான்! இவ்வளவு அற்பமான எடை ஒரு மனிதரை என்ன செய்துவிடும் என்று தோன்றும்.

எனக்கும் தோன்றியது. அமெரிக்காவில் ஆறு ஊர்களில் எண்ணாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை 14 முதல் 16 வருஷம் வரை தொடர்ந்து கவனித்து, டாக்கரியும் போப்பும் அவர்களுடைய சகாக்களும் 1993இல் ஒரு ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். புகைப்பழக்கம், வயது எல்லாவற்றுக்கும் கணக்கில் இடம் கொடுத்த பிறகும், தூசி அதிகமான ஸ்டூபன்வில்லில் மரண விகிதம், தூசி குறைந்த போர்டேஜைவிட 26 சதவீதம் அதிகம். அந்த இரண்டு ஊர்களின் நுண்துகள் அளவு சுமார் 30, சுமார் 11. கவனியுங்கள், அந்த ஆறு ஊர்களில் மிக மோசமான ஊரே நம் தேசத்து வரையறையான 40க்குள் அடங்கிவிடுகிறது.

இனி என் பாடத்துக்கு வருகிறேன். இந்த எண்கள் எப்படிப் பரவியிருக்கின்றன என்பதுதான் இன்றைய விஷயம்.

இந்த மண்டபத்தில் இருப்பவர்களின் உயரத்தை அளந்தால் பெரும்பாலோர் நடுவில் இருப்பார்கள். குட்டையும் நெட்டையும் இரண்டு பக்கமும் சமமாகக் குறையும். கோவில் மணியைக் கவிழ்த்து வைத்த மாதிரி வரைபடம் வரும். ஆனால் எல்லோருடைய வருமானத்தையும் எழுதிப் பார்த்தால் அப்படி வராது. பெரும்பாலோர் இடது பக்கம் குவிந்திருப்பார்கள். யாரோ ஒன்றிரண்டு பேர் வலது பக்கம் வெகுதூரம் போய் நிற்பார்கள். காற்றிலுள்ள தூசியும் வருமானத்தின் ஜாதிதான், உயரத்தின் ஜாதி அல்ல. இதை மடக்கை இயல்நிலைப் பரவல் என்போம். அமெரிக்காவில் ரால்ஃப் லார்சன் என்பவர் 1971இலேயே காற்று மாசுக்கு இந்த மாதிரியை விரிவாக எழுதி வைத்தார். ஊர் எதுவானாலும், தேசம் எதுவானாலும், தினசரி அளவுகள் ஏறக்குறைய இந்த உருவத்தில்தான் வருகின்றன.

ஏன் இப்படி? வேய்ன் ஆட் என்பவர் 1990இல் ஒரு விளக்கம் கொடுத்தார். அதை நம் சமையலறை பாஷையில் சொல்கிறேன். பந்திக்கு எதிர்பாராமல் ஆட்கள் வந்துவிட்டால் ரசத்தில் ஒரு செம்பு தண்ணீர் விடுகிறோம். இன்னும் வந்தால் இன்னொரு செம்பு. ஒவ்வொரு தடவையும் ரசத்தின் காரம் இவ்வளவு பங்காகக் குறைகிறதே தவிர, இவ்வளவு என்று கழிபடுவதில்லை. அதாவது பெருக்கல் கணக்கு, கழித்தல் கணக்கு அல்ல. அடுப்பிலிருந்தோ லாரியிலிருந்தோ கிளம்பும் புகையும் அப்படித்தான். காற்று அதில் செம்பு செம்பாகத் தண்ணீர் விடுகிறது. காற்று நன்றாக வீசும் நாளில் பத்து செம்பு; மார்கழிப் பனியில் காற்று அசையாத நாளில் ஒரு செம்புகூட இல்லை. பல பின்னங்கள் ஒன்றையொன்று பெருக்கிக்கொள்ளும்போது இந்த ஒருபக்கச் சாய்வு தானாக வந்துவிடுகிறது.

இதிலிருந்து இரண்டு விஷயம் கிடைக்கின்றன. முதலாவது, இப்படிச் சாய்ந்த பரவலில் பாதிக்கு மேற்பட்ட நாட்கள் சராசரிக்குக் கீழேதான் இருக்கும். ஆகையால் மோசமான ஊரிலும், எந்த நாளில் எழுந்து வாசலில் நின்று பார்த்தாலும், "இன்றைக்குப் பரவாயில்லையே" என்றே பெரும்பாலும் தோன்றும். நம் கண் நம்மை ஏமாற்றவில்லை. நாட்களின் பரவல் அப்படி.

இரண்டாவது, வலது பக்கத்தில் தூரத்தில் நிற்கும் ஒன்றிரண்டு நாட்கள் பத்திரிகைச் செய்தி ஆகின்றன. தீபாவளிக்கு மறுநாள் வரும் செய்தி அது. அது பொய் அல்ல. அன்றிரவு ஆஸ்துமாக்காரர்கள் படும் கஷ்டமும் பொய் அல்ல. ஆனால் வருஷக் கணக்கில் அதன் பங்கு என்ன? 364 நாள் 30 என்றும், தீபாவளி ஒரு நாள் 300 என்றும் வைத்துக்கொண்டால், வருஷ சராசரி 30.7. பத்து மடங்கு ஏறிய ஒரு நாள், சராசரியில் ஒரு மைக்ரோகிராம்கூட ஏற்றவில்லை. மாறாக, தெருவில் தினமும் குப்பை கொளுத்தி, தினமும் 5 மைக்ரோகிராம் கூட்டினால், சராசரி முழுசாக 5 ஏறிவிடும். நீண்ட நாளில் நம்மைப் பெரும்பாலும் வருத்துவது பண்டிகை நாள் அல்ல. பெயரில்லாத சாதாரண நாட்கள்தான்.

"அதெல்லாம் டெல்லி சமாசாரம். நமக்கென்ன, ஒரு பக்கம் நகரி மலை, ஒரு பக்கம் மாந்தோப்பு" என்று இங்கேயே ஒருவர் வரும்போது சொன்னார். நம்மைவிட டெல்லி மோசம் என்பது நிஜம். ஆனால் அதில் ஆறுதலடைய முடியாது என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது.

இந்தியாவின் பத்து நகரங்களில் 2008 முதல் 2019 வரை நடந்த சுமார் 36 லட்சம் மரணங்களை, அந்தந்த நாளின் தூசி அளவோடு ஒப்பிட்ட ஆராய்ச்சி ஒன்று 2024இல் லான்செட் குழுமத்தின் பத்திரிகையில் வந்தது. சென்னை, பெங்களூரு, ஹைதராபாத், டெல்லி, வாரணாசி, சிம்லா எல்லாம் அதில் உண்டு. தூசி 10 மைக்ரோகிராம் ஏறினால் மரணங்கள் மொத்தத்தில் 1.42 சதவீதம் ஏறுகின்றன. நகரவாரியாகப் பிரித்தபோதுதான் ஆச்சரியம். டெல்லியில் அந்த ஏற்றம் 0.31 சதவீதம். பெங்களூருவில் 3.06 சதவீதம். ஏறக்குறைய பத்து மடங்கு!

டெல்லிக்காரர் இரும்பு நுரையீரல் படைத்தவர் என்று அர்த்தமல்ல. மொத்தமாகப் பார்த்தால் அதிகச் சேதம் டெல்லியில்தான். ஆனால் பாதிப்பின் கோடு நேர்க்கோடு அல்ல. ஆரம்பத்தில் செங்குத்தாக ஏறி, பிறகு சாய்கிறது. சர்க்கரை போடாத காபியில் முதல் ஸ்பூன் போட்டால் நாக்குக்கு உடனே தெரிகிறது. ஐந்தாவது ஸ்பூனுக்கு மேல் ஆறாவது போட்டால் அவ்வளவு தெரிவதில்லை. அதே போல, ஓரளவு சுத்தமான ஊரில் கூடுகிற ஒவ்வொரு மைக்ரோகிராமும் அதிகக் கெடுதல் செய்கிறது. இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். ஓரளவு சுத்தமான ஊரில் குறைக்கிற ஒவ்வொரு மைக்ரோகிராமும் அதிக க்ஷேமம் தருகிறது. டெல்லியில் பத்து குறைத்தால் கிடைப்பதைவிட, நம்மைப் போன்ற ஊர்களில் பத்து குறைத்தால் தலைக்கு அதிகப் பலன். நான் இன்று சொல்ல வந்த செய்தி இதுதான். மற்றதெல்லாம் மறந்து போனாலும் இதை மட்டும் வீட்டுக்கு எடுத்துப் போங்கள்.

சரி, நம் ஊரில் அளவு என்ன? சித்தூரில் கங்கினேனி செருவுப் பக்கத்திலும், திருமலையிலும் ஆந்திர மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தானியங்கி நிலையங்கள் இருக்கின்றன. மத்திய சர்க்கார் 2019 ஜனவரியில் தொடங்கிய தேசியத் தூய காற்றுத் திட்டத்தின் 130 நகரங்களில் ஆந்திரத்தின் 13 நகரங்கள் உண்டு. சித்தூர் அதில் இருக்கிறது, திருப்பதி இல்லை. ஆனால் அந்தப் பட்டியல் பெரும்பாலும் பி.எம். 10 என்கிற பெரிய தூசியை வைத்து, நம் தேசத்து வரையறைப்படி போட்டது. பட்டியலில் இல்லாத ஊரின் நுண்துகள் 5க்குள் இருக்கிறது என்று அதற்குப் பொருள் அல்ல.

விஜயபுரம் மாதிரியான ஊர்களில் நிலையமே கிடையாது. கருவி இல்லாத இடத்தில் அழுக்கு இல்லை என்று நினைப்பது, தெர்மாமீட்டர் இல்லாத வீட்டில் ஜுரம் இல்லை என்று நினைப்பது போல. அஸ்ஸாம், மேகாலயா எல்லையில் பர்னிஹாட் என்று ஒரு சின்ன ஊர். நம்மில் பலர் பெயரே கேட்டிருக்க மாட்டோம். நான் முன்பு சொன்ன 2024ஆம் வருஷக் கணக்கில் உலகத்திலேயே முதலிடம் அந்த ஊருக்கு, சராசரி 128.2. அங்கே ஒரு கருவி இருந்ததால்தான் அது உலகத்துக்குத் தெரிந்தது. சின்ன ஊர், மாநில எல்லை ஊர் என்பதெல்லாம் கவசம் ஆகாது. நாமும் எல்லை ஊர்தானே. 1960 ஏப்ரல் 1ஆம் தேதி திருத்தணி சென்னை ராஜ்யத்துக்குப் போயிற்று, நாம் ஆந்திரத்தில் தங்கினோம். காற்றுக்கு அந்தக் கோடு தெரியாது.

கருவி என்றதும் நம் பக்கத்துக்கு ஒரு பெருமை சொல்ல வேண்டும். திருப்பதியிலிருந்து சித்தூர் போகும் வழியில் காதங்கி என்கிற கிராமத்தில் தேசிய வளிமண்டல ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. மத்திய விண்வெளித் துறையைச் சேர்ந்தது. 1,024 ஆண்டெனாக்களைச் சதுரமாக நட்டு அமைத்த ரேடார் அங்கே உண்டு. 1998இல் ஜப்பானியர் ஒத்துழைப்போடு வைத்த லேசர் கருவி, ஆகாயத்தில் தூசி எந்த உயரத்தில் எவ்வளவு என்று பார்க்கிறது.

இப்படிப்பட்ட ஆராய்ச்சிகளால் நமக்குத் தெரிவது இது. பூமியை ஒட்டிய காற்றுக்குக் கண்ணுக்குத் தெரியாத ஒரு கூரை உண்டு. வெயில் ஏறினால் கூரை ஒரு கிலோமீட்டருக்கு மேலும் உயரும். இரவில் தரை குளிர்ந்தால் சில நூறு மீட்டருக்கும் கீழே இறங்கிவிடும். புகை அதே அளவுதான், ஆனால் அறை சின்னதாகிவிடுகிறது. அதனால்தான் தூசி காலை ஏழிலிருந்து ஒன்பது வரை ஒரு உச்சம், இரவு எட்டிலிருந்து பத்து வரை இன்னொரு உச்சம் காட்டுகிறது. மத்தியானத்துக்கு மேல் தாழ்கிறது. அதே மாதிரி குளிர்காலத்தில் ஏறி, மழைக்காலத்தில் இறங்குகிறது. மார்கழியில் விடிந்ததும் வாக்கிங் போகிற பெரியவர்களுக்கு என் விண்ணப்பம்: இருதயத்திலோ மூச்சிலோ குறை உள்ளவர்கள் அந்த இரண்டு மாதமாவது சாயங்காலம் நாலரை மணிக்குப் போங்கள்.

இனி சொந்த விஷயம். கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

என் தாயார் வாழ்நாள் முழுவதும் விறகடுப்பில் சமைத்தவள். மடியாக, ஈர விறகை ஊதி ஊதி, பதினோரு பேருக்கு. 62 வயதில் மூச்சிறைப்பு வந்தது. பட்டணத்தில் ஒரு டாக்டரிடம் அழைத்துப் போனேன். எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, என்னைத் தனியே கூப்பிட்டு, "அம்மாவுக்குப் புகைபிடிக்கிற வழக்கம் உண்டா?" என்று கேட்டார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. அவர் சமாதானமாக, "அப்படியானால் என்ன அடுப்பு?" என்றார்.

நான் அப்போது கல்லூரியில் பரவல்களையும் சராசரிகளையும் கரும்பலகை நிறைய எழுதிக்கொண்டிருந்தவன். என் வீட்டுச் சமையலறைக்குள் என்ன பரவியிருக்கிறது என்று ஒரு நாள்கூட யோசித்ததில்லை. நான் கூடத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்தேன், அவள் உள்ளே இருமினாள். ஒரே வீடு, ஒரே சராசரி, இரண்டு நுரையீரல். சராசரிக்குள் யார் ஒளிந்திருக்கிறார்கள் என்று கேட்கத் தெரியாத புள்ளியியல் என்ன புள்ளியியல்! ஆறு வருஷம் கஷ்டப்பட்டுப் போய்ச் சேர்ந்தாள்.

பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். கிர்க் ஸ்மித் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1980களின் ஆரம்பத்திலேயே குஜராத் கிராமங்களில் சமைக்கும் பெண்களின் மூச்சுக்காற்றை அளந்தார். சென்னை போரூர் ஸ்ரீ ராமச்சந்திராவில் டாக்டர் கல்பனா பாலகிருஷ்ணன் தலைமையிலான குழு தமிழ்நாட்டுக் கிராமங்களிலும், பிறகு ஆந்திரக் கிராமங்களிலும் அடுப்படிகளை அளந்து 2002, 2004ஆம் வருஷங்களில் வெளியிட்டது. வீட்டிலேயே அதிகப் புகையை ஏற்பவர் சமைப்பவர்தான் என்று எண்களோடு காட்டினார்கள். 2018இல் வந்த ஒரு சர்வதேச அறிக்கை, வெளிக்காற்றின் நுண்துகளால் இந்தியாவில் 2015இல் ஏற்பட்ட மரணங்களில் சுமார் கால் பங்குக்கு வீட்டு விறகும் வறட்டியும் காரணம் என்று கணக்கிட்டது. அடுப்புப் புகை ஜன்னல் வழியே வெளியே போய் ஊர்ப் புகை ஆகிறது.

"இப்போதுதான் எல்லோர் வீட்டிலும் கேஸ் வந்துவிட்டதே" என்பீர்கள். வாஸ்தவம். ஆனால் கொல்லையில் வெந்நீர் அண்டாவுக்குக் கீழே தென்னை மட்டை இன்னமும் எரிகிறதா, இல்லையா? கூட்டிய சருகோடு பிளாஸ்டிக் பையும் சேர்ந்து மூலையில் எரிகிறதா, இல்லையா? போகியன்று பழைய டயர் எரிகிறதா, இல்லையா? முதல் இரண்டும் தினசரிக் கணக்கு. முன்பு சொன்ன 5 மைக்ரோகிராம் இப்படித்தான் சேர்கிறது.

ஒரு சங்கடமான விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். ஹோமப் புகையும் சாம்பிராணியும் ஊதுவத்தியும் இதில் சேருமா என்று கேட்பவர்கள் உண்டு. சாஸ்திரம் பேச நான் அதிகாரி அல்ல. நுரையீரலைப் பொறுத்தவரை மரப்புகை மரப்புகைதான். ஊதுவத்தியிலும் நுண்துகள் வருகிறது. அனுஷ்டானத்தை விட வேண்டும் என்று நான் சொல்லவில்லை, நானும் விடவில்லை. சமித்து நன்றாகக் காய்ந்திருக்கட்டும், புகை வெளியேற வழி இருக்கட்டும், ஏ.சி. போட்டு மூடிய மண்டபத்தில் வேண்டாம், கைக்குழந்தைகளும் இழுப்புக்காரர்களும் சற்றுத் தள்ளி உட்காரட்டும். இவ்வளவுதான்.

இதெல்லாம் நம்மால் ஆகிற காரியமா என்றால், ஆகும். பீஜிங் நகரத்தின் வருஷ சராசரி 2013இல் ஏறக்குறைய 90, 2020இல் 38. ஏழே வருஷம். நம் பக்கத்திலேயே 2022 செப்டம்பரில் திருமலை மலைப்பாதையில் மின்சாரப் பேருந்துகள் ஓடத் தொடங்கின.

கடைசியாக ஒரு யோசனை. சில ஆயிரம் ரூபாய்க்கு லேசர் ஒளியில் தூசி அளக்கும் சிறு கருவிகள் கிடைக்கின்றன. ஈரப்பதம் அதிகமான நாளில் கூடுதலாகக் காட்டும். சர்க்கார் நிலையத்தின் துல்லியம் இராது. ஆனாலும் ஏறுகிறதா இறங்குகிறதா என்று தெரியும். ஒன்றை நான் வாங்கித் தருகிறேன். இந்த மண்டபத்து வாசலில் மாட்டலாம். தினமும் காலை எட்டு மணிக்கும் சாயங்காலம் நாலு மணிக்கும் ஒரு நோட்டில் எழுதி வைக்க நம் பிள்ளைகளில் இரண்டு பேர் வேண்டும். ஒரு வருஷம் கழித்து, பகவான் கிருபையில் நான் இருந்தால், அந்த எண்களை வைத்து இதே மேடையில் விஜயபுரத்தின் பரவலை வரைந்து காட்டுகிறேன்.

அதுவரை, வீட்டுக்குப் போனதும் கொல்லைப்பக்கம் ஒரு நடை போய், அந்த வெந்நீர் அடுப்பை ஊதிக்கொண்டிருப்பது யார் என்று பாருங்கள். நான் பார்க்கத் தவறியதை நீங்கள் தவறவிட வேண்டாம்.